சகலையின் தலைக்கு மேல் ஒரு வீடு

மக்தூம் முதலில் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் ஒழுங்காக வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தரைக் கல்லைக் குதிகாலால் தட்டினார். பொள்ளல் இல்லை, கெட்டியாகப் பதில் சொன்னது. ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டினார், தூசிகூட ஒட்டவில்லை. ஒரு வீட்டை ஒரு குறைகூட இல்லாமல் கட்டுவதற்கு எவனுக்கு மனசு வரும்? அதுவும் அந்த வீடு சாதிக் பாட்ஷாவுக்குச் சொந்தமாகப் போகிறது என்று தெரிந்திருந்தால்?

சாதிக் பாட்ஷா அவருக்குச் சகலை. மக்தூமின் மனைவி அஸ்மத் பீவி. அஸ்மத்தின் தங்கை இஃப்பத். இஃப்பத்தைக் கட்டியவன் சாதிக். பங்காளிப் பொறாமை முற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். தொழில் பொறாமை முற்றினால் எதிரில் ஒரு கடை போடலாம். சகலைப் பொறாமைக்குப் போக்கிடமே கிடையாது, ஏனென்றால் தராசைப் பிடித்திருக்கிறவர்கள் அக்காளும் தங்கையும். அவர்கள் வாயைத் திறக்காமலேயே நிறுத்து முடித்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் சாதிக்கைத் துபாய்க்குக் கொண்டுவந்ததே மக்தூம்தான். முர்ஷித் பஜாரில் மொத்தத் துணிக்கடை வைத்து, பிறகு பக்கத்துக் கடையையும் பிடித்துப் போட்ட பெரிய ஆள் அவர். விசா எடுத்துக் கொடுத்து, வேலை கிடைக்கும்வரை தன் கடை ஸ்டூலிலேயே உட்கார வைத்துச் சோறும் போட்டார். அந்த ஸ்டூல்காரன் இன்றைக்கு ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். ஸ்டூல் போட்டவர் இன்னும் தேராவில் வாடகை வீடு. வந்தவன் பதினான்காம் மாடியில், தண்ணீரைப் பார்த்த பால்கனியோடு, சொந்த வீட்டுக்குக் குடிபோகிறான்.

“என்ன காக்கா, ரொம்ப நேரமா பாத்ரூமுலயே இருக்கிய? வயிறு சரியில்லையா?” வட்டிலாப்பத் தட்டோடு சாதிக் வந்து நின்றான். கீழக்கரை வழக்கில் காக்கா என்றால் அண்ணன்.

வயிறு சரியில்லைதான். அதற்கு வட்டிலாப்பம் காரணமில்லை.

“சும்மா பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. விலை சொன்னியே, அது அவன் கேட்ட விலையா, நீ குடுத்த விலையா?”

“கொஞ்சம் குறைச்சாக காக்கா.”

“கொஞ்சமா! என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா அவனே வெக்கப்பட்டு பால்கனியைச் சும்மா குடுத்திருப்பான். அது கிடக்கட்டும், வக்கீல் வேற வச்சியாமே?”

“ஆமா. ஷ்ருதின்னு ஒரு மேடம், மெட்ராஸ்காரவுக. வீட்டு மேல அடமானம் இருக்கா, மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கா, விக்கிறவன் நெசமாவே சொந்தக்காரனா, எல்லாம் தோண்டிப் பாத்தாக. கையெழுத்துப் போட்ட அன்னைக்குக் கூடவே வந்து உக்காந்துக்கிட்டாக. டைட்டில் இன்சூரன்ஸும் எடுத்துக் குடுத்தாக.”

“என்ன இன்சூரன்ஸ்?”

“பத்திரத்துக்கு காக்கா. நாளைக்கு இந்த வீடு எனக்குச் சொந்தம்னு வேற எவனாவது வந்து நின்னா, கம்பெனிக்காரன் வழக்கு நடத்துவான். நட்டம் வந்தா அவன் குடுப்பான்.”

மக்தூம் கூடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நெய்ச்சோறு பரப்பிய பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை கீழக்கரைக்காரர்களுக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

“காருக்கு இன்சூரன்ஸ், ஒத்துக்கிறேன். காரு போயி இடிக்கும். உடம்புக்கு இன்சூரன்ஸ், அதுவும் சரி. காகிதத்துக்கு எதுக்குப்பா? காகிதம் எங்க போயி இடிக்கும்?”

சஹன் குலுங்கச் சிரித்தார்கள். சாதிக்கும் சேர்ந்து சிரித்தான். அதுதான் மக்தூமுக்குத் தாங்கவில்லை. கேலி செய்தால் கொஞ்சம் சுருங்க வேண்டாமா? சொந்த வீடு வந்துவிட்டால் சிரிப்புக்கூட அகலமாகிவிடுகிறது.

திரும்பும்போது காரில் பாலம் ஏறி இறங்கிய பிறகு அஸ்மத் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

“இஃப்பத் அடுப்படி நல்ல அகலம்.”

அவ்வளவுதான். கத்தி சின்னதாக இருந்தால் என்ன, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது.

*

அல்லாஹ் சிலருக்குக் கேட்டதைக் கொடுக்காமல் சோதிப்பான், சிலருக்குக் கேட்டதையே கொடுத்துச் சோதிப்பான். மக்தூமுக்கு இரண்டாவது வகை வாய்த்தது. அந்த வாரமே கௌஸ் முகம்மது கடைக்குள் நுழைந்தார்.

கௌஸ் முகம்மது தரகர். இருப்பு பஹ்ரைனில், குதைபியாவில். பிழைப்பு வளைகுடா முழுக்க. ஒரு நாட்டில் காலைச் சாயா குடித்துவிட்டு இன்னொரு நாட்டில் மதியச் சோறு தின்பார். யாருக்கு எங்கே வீடு விற்கிறது என்பதும், யாருக்கு எங்கே வயிறு எரிகிறது என்பதும் அவருக்கு ஏர்போர்ட்டில் இறங்கும்போதே தெரிந்துவிடும்.

“அதே பில்டிங், பாய். உங்க சகலை இருக்காரே, அவருக்கு நேர் மேல் வீடு. பதினஞ்சாவது மாடி.”

மக்தூமின் காதில் விலை விழுவதற்கு முன்பே அந்த எண் விழுந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. நேர் மேல். சாதிக் பால்கனியில் சாயா குடிக்க வந்து அண்ணாந்து பார்த்தால் அங்கே மக்தூமின் கைலி காயும். இஃப்பத்தின் அகலமான அடுப்படிக்கு மேலே அஸ்மத் இஞ்சி தட்டுவாள். சத்தம் கீழே போகட்டும், தாராளமாகப் போகட்டும்.

“யாரு வீடு?”

“நம்மாளுதான். அஹ்சன் காக்கான்னு, குவைத்துல அப்பாசியாவுல ரொம்ப வருஷமா இருக்கிறவர். பவர் என் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கார். விக்கிறது, கையெழுத்து, செக் வாங்குறது, எல்லாத்துக்கும் நானே.”

விலை சொன்னார். மக்தூம் சட்டப்படி முதலில் சிரித்தார். பிறகு சாயா வரவழைத்தார். பிறகு, மானமுள்ளவன் எழுந்து போய்விடக்கூடிய ஒரு விலையைக் கேட்டார்.

முர்ஷித் பஜாரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விலை இறங்குவதற்குள் ஒருத்தன் மூன்று தடவையாவது எழுந்து வாசல்வரை போக வேண்டும். கூப்பிட்டால் திரும்ப வேண்டும், மறுபடி எழ வேண்டும். அப்படிப் போகாமலே ஒருவன் இறங்கி வந்தால் பேரத்தை நிறுத்திவிட்டுச் சரக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும். உள்மடிப்பில் கிழிசல் இருக்கும்.

கௌஸ் முகம்மது ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. “சரி பாய். உங்களுக்காக” என்று சாயாவை உறிஞ்சினார். “ஒரே ஒரு கண்டிஷன். இந்த மாசத்துக்குள்ள முடிக்கணும். வக்கீல் கிக்கீல்னு இழுத்தடிக்கக் கூடாது. செக்கை என் பேருக்கே போட்டுருங்க.”

உள்ளே வியாபாரி மக்தூம் கனைத்தார். சகலை மக்தூம் அவர் வாயைப் பொத்தினார். பொத்திய கைக்கு இடுக்கில் ஒரு கேள்வி மட்டும் தப்பி வந்தது.

“அஹ்சன் காக்காட்ட ஒரு வார்த்தை பேசிரலாமா?”

“அவர் பேசுற நிலைமையில இல்ல பாய்.”

“உடம்புக்கு முடியலையோ? சரி, அவுக வீட்டம்மாட்ட?”

“ஜுலைஹா பீவியா? அவங்க ரெண்டு மாசமா வெளி ஆம்பளைங்ககிட்ட பேசுறதில்ல. அறையை விட்டே வெளிய வர்றதில்ல.”

“மாஷா அல்லாஹ்!” என்றார் மக்தூம். “பேணுதலான குடும்பம்.”

கைகொடுத்து முடித்தார்கள்.

பணத்துக்கு வழி பக்கத்துக் கடைதான். முதல் கடை அன்றாடப் பிழைப்புக்கு, பக்கத்துக் கடை வயசான காலத்துக்கு என்று மக்தூம் நினைத்திருந்தார். அதை விற்றார். சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தபோது கொத்து திடீரென்று இலேசாகிவிட்டது. ஒரு மாடி ஏறுகிறவனுக்குக் கனம் குறைந்தால் நல்லதுதானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

*

“எவ்வளவு குறைச்சிய?” அஸ்மத் கேட்டாள்.

மீன் வாங்கி வந்தாலும், நகை வாங்கி வந்தாலும், விமான டிக்கெட் வாங்கி வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான். மக்தூம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“அவ்வளவா? கேட்டவுடனேயா?”

“நம்ம வாய் அப்படி.”

“உங்க வாயை நான் இன்னைக்கா பாக்குறேன்? அந்த வீட்டுப் பொம்பளைட்ட பேசுனியளா?”

கீழக்கரையில் வீடு என்பது பெண்ணுடையது. மகளுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வந்து குடியேறுவான், வீடு மகள் பேரில் இருக்கும். அங்கே ஒரு வீடு கைமாறுகிறதென்றால் முதலில் உள்ளே போய், திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே ஆண்கள் விலை பேசுவார்கள். அஸ்மத்துக்கு இது சட்டம் இல்லை, உப்புப் போட்டுச் சமைப்பது போல ஒரு வழக்கம்.

“அவுக வெளி ஆம்பளைட்ட பேசமாட்டாகளாம்.”

“நான் ஆம்பளையா? நம்பரை வாங்கிக் குடுங்க, நான் பேசுறேன்.”

மக்தூம் கணக்குப் போட்டார். அஸ்மத் குவைத்துக்குப் பேசினால் அஸர் தொழுகைக்குள் இஃப்பத்துக்குத் தெரியும். இஃப்பத்துக்குத் தெரிந்தால் மஃரிபுக்குள் சாதிக்குக்குத் தெரியும். அவன் அந்த மெட்ராஸ் வக்கீலம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பான். தோண்டுவார்கள். அப்புறம் இந்த வீடு மக்தூம் வாங்கிய வீடாக இருக்காது, சாதிக் பார்த்துக் கொடுத்த வீடாகிவிடும்.

“பத்திரம் கைக்கு வரட்டும். அப்புறம் விடிய விடியப் பேசு. இப்ப இஃப்பத்ட்ட மூச்சு விட்டுறாதே.”

“ஏன்?”

“கண்ணு பட்டுரும்.”

“யாரு கண்ணு?” அஸ்மத் அகப்பையை மறுபடி கையில் எடுத்தாள். “எனக்குத் தெரிஞ்சு நம்ம ரெண்டு குடும்பத்துலயும் ஒரே ஒரு சோடிக் கண்ணுதான் எரிஞ்சுக்கிட்டு இருக்கு.”

*

பத்திரம் பதிகிற அலுவலகத்தில் ஏசி எலும்புவரை போயிற்று. சோபா, டோக்கன், காப்பி மெஷின், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுப்பு அபாயாவில் ஒரு அரபிப் பெண். கௌஸ் முகம்மது காகிதங்களை அடுக்கிவைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மக்தூமின் சட்டைப் பையில் மேனேஜர் செக். பக்கத்துக் கடை முழுசும் மடிந்து அந்த ஒரு தாளுக்குள் இருந்தது.

எல்லாம் இருந்தும் ஒன்று குறைந்தது. வாங்குவதைப் பார்க்க வேண்டியவன் பார்க்காவிட்டால் வாங்கி என்ன பயன்? ‘முக்கியமான விஷயம், உடனே வா’ என்று சாதிக்குக்கு இடத்தை அனுப்பியிருந்தார்.

சாதிக் ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஓடி வந்தான். “என்ன காக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல. ஒரு சின்ன வீடு. உனக்கு நேர் மேல.”

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். சாதிக் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

“அல்ஹம்துலில்லாஹ்! முதல்லயே சொல்லக் கூடாதா? கூடப் பொறந்த லாத்தா மேல் வீட்டுக்கு வந்தா இஃப்பத் குதிப்பா காக்கா!”

பட்டாசுத் திரியைக் கொளுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு நின்றவனுக்கு அது புஸ்ஸென்று போனால் எப்படி இருக்கும்? மக்தூமுக்கு அப்படி இருந்தது.

“வக்கீல் யாரு காக்கா?”

ஆ, வந்துவிட்டது. இதுதான் எரிச்சலின் முதல் புகை என்று மக்தூம் தெம்பானார். “நானேதான். பவர்காரரு விக்கிறாரு, நான் வாங்குறேன். நடுவுல எதுக்கு ஒரு ஃபீசு?”

“ஓனர்ட்ட பேசிட்டியளா?”

“அவருக்கு முடியல. ஆனா என்ன குடும்பம் தெரியுமா? அந்தம்மா ரெண்டு மாசமா வெளி ஆம்பளைட்ட பேச்சே கிடையாதாம். அறையை விட்டே வர்றதில்லையாம். உனக்கு வித்தானே ஒருத்தன், அவன் வீட்டுல இப்படி ஒரு பேணுதல் உண்டா?”

சாதிக் கொஞ்சம் யோசித்தான். “ரெண்டு மாசமாவா? அப்ப அதுக்கு முந்தி பேசிக்கிட்டு இருந்தாகளா?” பிறகு மெதுவாக, “ஷ்ருதி மேடத்துக்கு ஒரு போன் மட்டும் போட்டு…”

“உன் வக்கீலை நீயே வச்சுக்க. நான் மேல வர்றது உனக்குப் பொறுக்கல. வயித்தெரிச்சல்!”

அலுவலகத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. சாதிக்கின் முகம் விழுந்தது. இத்தனை நாளாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம்தான். ஆனால் ருசிக்கவில்லை, உப்பில்லாத கஞ்சி போல இருந்தது. சாதிக் போய்க் கடைசி சோபாவில் உட்கார்ந்தான். எழுந்து போயிருந்தாலாவது நிம்மதி. அவன் போகவில்லை.

டோக்கன் எண் விழுந்தது. கௌஸ் முகம்மது பேனாவைத் திறந்தே நீட்டினார். “யல்லா பாய், சீக்கிரம்.”

மக்தூம் பேனாவை வாங்கினார். ரெண்டு மாசமா. சாதிக்கின் கேள்வி காதில் புகுந்த தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பேணுதலான பெண் என்றால் பிறந்தது முதல் அப்படித்தான் இருப்பாள். ரெண்டு மாசத்துக்கு முன்னால் திடீரென்று யாருக்குப் பேணுதல் வரும்?

“ஒரு நிமிஷம்” என்று காப்பி மெஷின் பக்கம் ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டார்.

“அஸ்மத், ஒண்ணு கேக்குறேன், ஏன் எதுக்குன்னு கேக்காதே. புருசனுக்கு ரொம்ப முடியலைன்னா, பொண்டாட்டி அறையை விட்டு வராம, வெளி ஆம்பளைட்ட பேசாம இருப்பாளா?”

“புருசனுக்கு முடியலைன்னா அவ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்ல ஓடிக்கிட்டு இருப்பா? டாக்டர்ட்ட பேசணும், மருந்துக்கடைக்காரன்ட்ட பேசணும். அறைக்குள்ள எதுக்கு உக்காருறா?” சொல்லிக்கொண்டே வந்த அஸ்மத்தின் குரல் நின்றது. “என்னங்க… அறைக்குள்ள உக்காந்திருந்தா அது இத்தா இல்ல? புருசன் மவுத்தாப் போனாத்தானே இத்தா இருப்பாக? அந்த வீட்டுக்காரர் உசுரோட இருக்காருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. ‘பேசுற நிலைமையில இல்ல’ என்றுதான் கௌஸ் முகம்மது சொன்னார். அதில் பொய்யே இல்லை.

இத்தா என்றால் என்ன என்று மக்தூமுக்குத் தெரியாதா? கணவன் போனால் நாலு மாசமும் பத்து நாளும் மனைவி ஒதுங்கி இருப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர் அவருடையது. பச்சைப் பிள்ளைக்குத் தெரிகிற சங்கதி. பதினைந்தாம் மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் காலடியில் கிடந்தது தெரியாமல் போயிற்று.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி சோபாவிலிருந்து சாதிக் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது எழுந்து போனால் நாளைக்கு ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில் இதுதான் பேச்சு: பெரிய பேரக்காரர் மக்தூம், வாயில்லாப் பூச்சி சாதிக் சொல்லித் தப்பித்தார்! ஒரு மூச்சு நேரம், நிஜமாகவே ஒரு மூச்சு நேரம், கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தார். பதிந்து வாங்கிவிட்டால் நம்முடையது, வாரிசு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். மானமும் தப்பும், மாடியும் கிடைக்கும்.

கை தானாகச் சாவிக்கொத்தைத் தொட்டது. ஒரு சாவி குறைந்த கொத்து. மிச்சமிருந்த சாவிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பொத்தியிருந்த கையைத் தட்டிவிட்டு வியாபாரி மக்தூம் எழுந்து வந்தார். பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தபடி, விலை விசாரிக்கிற குரலில், தலையைத் தூக்காமலே சொன்னார்:

“இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அஹ்சன் காக்கா ஜனாஸாவுல நல்ல கூட்டமாமே? நீங்க போயிருந்தியளா?”

“பின்னே! பெரிய கூட்டம் பாய். நான்தானே மொத மண்ணு…”

கௌஸ் முகம்மதுவின் வாய் திறந்தபடியே நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த முதல் வரி அவளுடைய பாஷை. ஒரு சாவு செய்தி இல்லாமல் அதை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். முத்திரையை எடுக்கப் போன கையை நிறுத்தி, “யார் இறந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“வீட்டுக்குச் சொந்தக்காரர்” என்றார் மக்தூம்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காகிதங்களை அப்படியே திருப்பித் தள்ளினாள். “கலாஸ்” என்றாள். முடிந்தது என்று அர்த்தம்.

“பாய், வல்லாஹி, காசை அந்தம்மாட்டதான் கொடுத்திருப்பேன்” என்று ஆரம்பித்த கௌஸ் முகம்மதுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். போன் அடித்ததாக மக்தூமின் காதில் விழவில்லை; போனவரும் திரும்பி வரவில்லை.

சாதிக் பக்கத்தில் வந்து நின்றான். ‘நான் சொன்னேன்ல’ என்று அவன் சொல்வான் என்று மக்தூம் காத்திருந்தார். சொல்லித் தொலைத்திருந்தால் திருப்பி ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

“வாங்க காக்கா” என்றான் அவன். “ஷ்ருதி மேடம் ஆபீஸ் பக்கத்துலதான்.”

*

ஷ்ருதிக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்காது. மேசையில் குடும்பப் படம் இல்லை, பூந்தொட்டி இல்லை, ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோட இருக்கிற வரைக்கும்தான் சார் அது பவர். அவர் போன நிமிஷம் அதுவும் அவரோட போச்சு. அதுக்கப்புறம் அந்த வீடு மனைவி, பிள்ளைங்க எல்லாருக்கும் பங்குள்ள சொத்து. உங்க மார்க்கப்படி யாருக்கு எவ்வளவுன்னு எனக்கு முன்னாடி உங்களுக்கே தெரியும்.”

“பதிஞ்சு குடுத்திருப்பாகளேம்மா?”

“கொடுத்திருப்பாங்க. முன்னாடி வைக்கிற காகிதத்தைத்தான் அவங்க பார்க்க முடியும். சொந்தக்காரர் குவைத்துல அடக்கமானது இங்க இருக்கிற கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? காகிதத்துக்குப் பின்னாடி ஆள் இருக்காரான்னு எட்டிப் பார்க்கத்தான் நாங்க இருக்கோம். ஒரு வருஷம் கழிச்சு அவரோட மகன் வந்து கதவைத் தட்டினா என்ன பண்ணியிருப்பீங்க? வீடு அவங்க கைக்குப் போகும். உங்க காசு எங்கேன்னு கௌஸ் முகம்மதுவைத் தேடணும்.”

“இவன் போட்டானே, அந்த இன்சூரன்ஸு. அது இருந்திருந்தா?”

“முதல்ல அவங்களே தோண்டுவாங்க சார். நாளைக்குப் பணம் கொடுக்க வேண்டியவன் இன்னைக்கே சந்தேகப்படுவான் இல்லையா? நாங்க தோண்டி, அவங்களும் தோண்டி, அதையும் தாண்டி யாருக்கும் தெரியாத ஒரு வாரிசோ, எப்பவோ போட்ட ஒரு கள்ளக் கையெழுத்தோ வந்து நின்னா, அதுக்குத்தான் அது. ஆனா ஒண்ணு. வில்லங்கம்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டா எந்த இன்சூரன்ஸும் கை கொடுக்காது.”

அந்த ஒரு மூச்சு நேரம் மக்தூமுக்கு நினைவு வந்தது. குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார். காகிதம் எங்கே போய் இடிக்கும் என்று சஹனைச் சுற்றிச் சிரிக்க வைத்தாரே, அது இடிக்கிற இடம் இப்போது தெரிந்தது.

இனி என்ன செய்வது என்பதை ஷ்ருதி நேராகச் சொன்னாள். ஜுலைஹா பீவியின் இத்தா முடியட்டும். அதன் பிறகு அஸ்மத் வீட்டைப் பற்றிப் பேசட்டும்; அதற்குமுன் துக்கம் விசாரிக்க மட்டும் பேசட்டும். விற்க மனமிருந்தால் வாரிசுகள் எல்லாரும் கோர்ட்டில் சான்று வாங்கி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு விற்பார்கள். விலை கௌஸ் முகம்மதுவின் விலையாக இருக்காது, ஊர் விலையாக இருக்கும். மக்தூம் தலையாட்டினார். வீடு கிடைக்காமலே போகலாம். சட்டைப் பையில் செக் முழுசாக இருந்தது, அது போதும்.

பிறகு அவள் தன் ஃபீஸைச் சொன்னாள். போன உயிர் மக்தூமுக்குத் திரும்பி வந்தது.

“முடிவாச் சொல்லுங்கம்மா.”

ஷ்ருதி சிரித்துவிட்டாள். “சாதிக் சாரும் இதே மாதிரிதான் ஆரம்பிச்சார். மூணு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போனார் சார்! மூணாவது தடவை கதவையே திறந்துட்டார். கடைசியில பாதிக்கு இறங்கி வந்தேன்.”

மக்தூம் மெல்லத் திரும்பினார். சாதிக் தரைவிரிப்பின் பூவேலையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“எங்கடா கத்துக்கிட்டே?”

“உங்க கடையிலதான் காக்கா. வேலை கிடைக்கிற வரைக்கும் அந்த ஸ்டூல்லதானே உக்காந்திருந்தேன்.”

பால்கனியைப் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீரையும் அடுப்படியையும் பொறுத்துக்கொள்ளலாம். காப்பாற்றிவிட்டானே, அதைக்கூட நோன்பு மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பேரம்? மூன்று தடவை வாசல், அதுவும் மூன்றாவது தடவை கதவையே திறப்பது! மக்தூமே வாழ்நாளில் எப்போதாவதுதான் கதவைத் திறந்திருக்கிறார்.

“உங்களுக்கும் அதே பாதி போட்டுக்கறேன் சார்” என்றாள் ஷ்ருதி பெருந்தன்மையாக.

அதே பாதியா? சாதிக் பேசி முடித்த பேரத்தை, அவன் போட்டுக் கழற்றிய சட்டையைப் போல வாங்கி மாட்டிக்கொள்வதா?

“வேணாம்” என்றார் மக்தூம். “முழுசாவே போடுங்க.”

“காக்கா!” சாதிக் பதறினான். “எதுக்கு?”

“அவன் வச்சது பாதி வக்கீல். நான் வைக்கிறது முழு வக்கீல்.”

“ஆள் ஒண்ணுதானே காக்கா!”

“ஃபீசு வேறல்ல? அந்த இன்சூரன்ஸும் இவன் எடுத்ததை விட உசத்தியா ஒண்ணு இருந்தா அதைப் பாத்து வைங்கம்மா.”

வெளியே வந்து லிஃப்ட்டுக்காக நின்றார்கள்.

“அங்க வச்சு… வயித்தெரிச்சல்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்” என்றார் மக்தூம், லிஃப்ட் கதவிடம்.

“விடுங்க காக்கா. சொன்னதுல தப்பு இல்ல. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டிய.”

மக்தூமுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அதற்குள் போன் அடித்தது. அஸ்மத்.

“சாதிக் இஃப்பத்துக்கு மெசேஜ் போட்டானாம், வக்கீலம்மாட்ட போயிருக்கியன்னு. அல்லாஹ் காப்பாத்துனான். ஃபீசு எவ்வளவு சொன்னாக? எவ்வளவு குறைச்சிய?”

“லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன் அஸ்மத்” என்றார் மக்தூம். “விட்டு விட்டுக் கேக்குது.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இன்னும் வந்து சேராத லிஃப்ட்டின் பொத்தானை மறுபடி ஒரு தடவை அழுத்தினார்.